ஒரு துளியில் ஓர் உயிர்

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே, ஷா ஆலாமில் 1972 முதல் பீர் வடித்து வரும் கார்ல்ஸ்பெர்க் ஆலையை நம்மில் பலர் அறிவோம். தமிழ் ஆண்டு மலரில் பீரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தோட்டப்புறக் கள்ளுக்கடைகளால் நம் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். நான் சொல்ல வந்தது குடியைப் பற்றியன்று. நுண்ணுயிரியல் பயிலும் எனக்கு ஊக்கம் தரும் ஓர் ஏழை மாணவரைப் பற்றி.

எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் டென்மார்க்கின் ரீபெ நகரில் பிறந்தார். வீடுகளுக்குச் சாயம் அடிக்கும் தொழிலாளியின் மகன்; அவரும் அதே வேலையைச் செய்தார். பின்னர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும் கதைகள் எழுதியும் படிப்புக்குப் பணம் தேடினார். பூஞ்சைகளைப் பற்றிய கட்டுரைக்காக 1876இல் பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது 34. 1879இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் உடலியல் பிரிவுக்குத் தலைவரானார்.

அக்காலத்தில், தயிருக்கு உறை எடுத்து வைப்பதுபோல, பீர்த் தொட்டியின் அடியில் படியும் ஈஸ்ட்டை எடுத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்தினர். அதில் என்னென்ன கலந்திருந்தன என்பது எவருக்கும் தெரியாது. பீர் கெடுவதற்குப் பாக்டீரியாவே காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்கியிருந்தார். காட்டு ஈஸ்ட்டும் அதைக் கெடுக்கும் என்று ஹான்சன் காட்டினார்.

அவர் செய்த வழி எளியது. ஒரு துளியில் ஓர் உயிரணு மட்டும் இருக்கும் அளவுக்கு ஈஸ்ட்டை நீரில் கரைத்து, துளித்துளியாகக் குடுவைகளில் இட்டு வளர்த்தார். ஒரே இடத்தில் மட்டும் வளர்ச்சி தெரிந்த குடுவை தூய ஈஸ்ட்டைத் தந்தது. 1883இல் அந்த ஈஸ்ட் ஆலையில் பயன்பாட்டுக்கு வந்தது.

தூய ஈஸ்ட்டைப் பாதுகாக்கவும் அவர் வழி கண்டார். 10 விழுக்காடு சீனிக் கரைசலில் இட்டால் அது பெருகாமல், ஆனால் சாகாமல், பல ஆண்டுகள் உறங்கும். தேவைப்படும்போது ஒரு சொட்டை வாற்கோதுமைச் சாற்றில் விட்டு, நுரைத்ததும் படிப்படியாகப் பெரிய பாத்திரங்களுக்கு மாற்ற வேண்டும். இன்று வீட்டில் பீர் வடிப்போரும் சேமித்த ஈஸ்ட்டை இப்படித்தான் எழுப்புகின்றனர்.

ஆலை உரிமையாளர் ஜேக்கப்சன் முதலில் நம்பத் தயங்கினார். நம்பிய பிறகோ, போட்டி ஆலைகளுக்கும் அந்த ஈஸ்ட்டை இலவசமாகவே கொடுத்தார். ஹான்சன் தம் முறையை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்.

1909இல் ஹான்சன் மறைந்தார். நூறாண்டுகளுக்குப் பின், ஆலையின் பழைய பாட்டில் ஒன்றில் உயிரோடிருந்த ஈஸ்ட்டை ஆய்வாளர்கள் எழுப்பி, 2016இல் மீண்டும் பீர் வடித்தார்கள்.

கல்வியைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், கைச்செலவுக்கு வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நம் கழகத்திலும் உண்டு. சாய வாளியைத் தூக்கிய கை நுண்ணோக்கியையும் பிடித்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.