இன்னொரு சந்திரசேகர்

சந்திரசேகர்னா உங்களுக்கு நோபல் வாங்கின வானியல்காரர்தான் ஞாபகம் வருவார். இவர் வேற. சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சி.வி.ராமனோட சகோதரி மகன். 1930ல் கல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் போயிட்டு வந்து மைசூர்ல பாடம் நடத்தினார். 1971ல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகம் தொடங்கினார்.

திரவப் படிகம்னா திரவம் மாதிரி ஓடும், ஆனா மூலக்கூறுகள் படிகம் மாதிரி ஒழுங்கா நிக்கும். சூடாக்கினா இப்படி ஆகிறதுக்கு மூலக்கூறு குச்சி மாதிரி நீளமா இருக்கணும்னு பல காலமா நம்பினாங்க. தட்டு மாதிரி இருந்தா என்னன்னு கேட்டார் இவர். சதாசிவா, சுரேஷ் ரெண்டு பேரோட சேர்ந்து, பென்சீன் வளையத்தைச் சுத்தி ஆறு வால் வச்ச சேர்மத்தைச் சூடாக்கிப் பார்த்தார். உருகியும் ஒழுங்கு கலையல. சில்லறைக் காசை அடுக்கின மாதிரி மூலக்கூறுகள் தூண் தூணா நின்னுச்சு!

1977ல் இதை நம்ம நாட்டு இதழான 'பிரமாணா'வில்தான் வெளியிட்டாங்க. உலகம் தேடி வந்து படிச்சது.

தேனிப் பக்கம் ஏதாவது கம்ப்யூட்டர் லேப்ல பழைய எல்சிடி மானிட்டரைப் பக்கவாட்டுல இருந்து பாருங்க, நிறம் வெளுக்கும். அதைக் குறைக்கிற ஃபிலிமைத் தட்டு மூலக்கூறுகளை வச்சு ஜப்பானின் ஃபூஜி ஃபிலிம் செஞ்சு வித்தது. கண்டுபிடிப்பு பெங்களூரு, வியாபாரம் ஜப்பான். எனக்கு இது இன்னும் உறுத்துது.

அவர் அதோட நிக்கல. 1991ல் திரவப் படிகத்துக்குன்னே பெங்களூருல தனி மையம் ஆரம்பிச்சார். 2004ல் காலமானார்.