அமானிதத்தைக் கடனாக ஏற்ற பெருந்தகை

நாயகம் (ஸல்) அவர்களின் மாமி சஃபிய்யா (ரலி) அவர்களின் மைந்தர், சுவர்க்க நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர், ஹஜ்ரத் ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி). அவர்களின் வீரத்தை நாம் அறிவோம். கடனாளியாக அவர்கள் வாழ்ந்த மேன்மையை அறிந்தவர்கள் சிலரே!

தங்கள் பொருளை அமானிதமாக வைக்க மக்கள் அவர்களிடம் வருவார்கள். அவர்களோ அதைக் கடனாகவே பெற்றுக்கொள்வார்கள். ஏன்? அமானிதப் பொருள், காப்பவரின் கவனக்குறைவின்றித் தொலைந்துவிட்டால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரப்பட வேண்டியது. பிறர் பொருள் வீணாகிவிடுமோ என அஞ்சி, நஷ்டத்தின் சுமையைத் தம் தோளிலேயே ஏற்றுக்கொண்டார்கள். கொடுத்தவரின் நிம்மதிக்காகவே கடனாளியானார்கள்.

ஹிஜ்ரி 36ல் (கி.பி. 656) ஜமல் போர் நாளில், தமக்கு முடிவு நெருங்கியதை உணர்ந்து மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்தார்கள். அன்று அவர்களின் பெருங்கவலை கடன்தான். சொத்துக்களை விற்று அடைக்கும்படியும், இயலாதபோது தம் எஜமானனிடம் உதவி தேடும்படியும் வஸிய்யத் செய்தார்கள். அந்த எஜமானன் அல்லாஹ்வே என்பதையும் தெளிவுபடுத்தினார்கள்.

அவர்கள் ஷஹீதான பின் கணக்கிட்டபோது கடன் 22 இலட்சம் நாணயங்கள்! கையில் காசில்லை, நிலங்களும் வீடுகளுமே இருந்தன. 1,70,000க்கு வாங்கியிருந்த ஒரு நிலம் 16 இலட்சத்துக்கு விலைபோயிற்று. 4 இலட்சம் வர வேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் முழுவதையும் விட்டுத்தர முன்வந்தும் மகனார் இசையவில்லை. நெருக்கடி நேர்ந்தபோதெல்லாம் தந்தையின் எஜமானனிடமே இறைஞ்சினார்கள், வழி பிறந்தது.

கடன் அடைந்ததும் வாரிசுகள் பங்கு கேட்டனர். மகனார் அவசரப்படவில்லை. பாக்கி வர வேண்டியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பின்னரே பங்கிட்டார்கள். அப்போதும் மனைவியர் நால்வருக்குத் தலா 12 இலட்சம் கிடைத்தது.

நம் நிலை என்ன? ஜனாஸாவின்போது ஒருமுறை அறிவித்துவிட்டு, கடன் தீருமுன்பே பாகப்பிரிவினைக்கு அமர்ந்துவிடுகிறோம். நம்மை நம்பி ஓர் ஏழை விதவை தந்த சிறு தொகை, எழுதப்படாமலே நம்மோடு மண்ணுக்குப் போய்விடலாம். கடனை எழுதி வைக்க அல்பகரா அத்தியாயம் 282ஆம் வசனம் பணிக்கிறதே! இன்றிரவே வீட்டாரை அருகில் வைத்து, தர வேண்டியதை எழுதி வைப்போம். பிறர் ஹக்கைத் தீர்த்தவர்களாக நம் அனைவரையும் வஃபாத்தாக்க வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.