தமிழில் வைத்தியம் படிப்பித்த அமெரிக்கர்



உங்கள் அம்மம்மாவோ அப்பப்பாவோ மானிப்பாய் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். நம் சபையில் சிலர் அங்கே பிறந்தவர்களாகவும் இருக்கலாம். ஊரில் அதைக் கிறீன் ஆஸ்பத்திரி என்பார்கள். பிள்ளைகளே, கிறீன் என்றால் பச்சை நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு மனிதருடைய பெயர். அவரைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ, நியூயோர்க் நகரத்தில் இன்றும் எல்லோரும் போய்ப் பார்க்கும் சென்ட்ரல் பார்க் என்ற பெரிய பூங்காவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். தம்பி சாமுவேலும் அதே நகரத்தில் மருத்துவம் படித்து, 1845இல் வைத்தியரானார். அண்ணனைப் போல அங்கேயே இருந்து பேரும் பணமும் சம்பாதித்திருக்கலாம். ஆனால் அவர் தெரிந்துகொண்ட இடம் யாழ்ப்பாணம்.

அமெரிக்க மிஷனரிகள் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்தார்கள். அவர்களோடு 1819இல் வந்து சேர்ந்தவர் வைத்தியர் ஜோன் ஸ்கடர். வேலூரில் பெரிய மருத்துவமனையை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாருடைய பாட்டனார் அவர். அந்த வழியில் 1847இல் கிறீன் வந்தார். வயது 25. சுயஸ் கால்வாய் அப்போது வெட்டப்படவில்லை. ஆபிரிக்காவைச் சுற்றி, பாய்க்கப்பலில் மாதக்கணக்காக வரவேண்டும். முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார்.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். நோவு தெரியாமல் சத்திரசிகிச்சை செய்ய ஈதர் உதவும் என்று பொஸ்ரன் நகரத்து வைத்தியர்கள் எல்லோருக்கும் முன்பாகச் செய்து காட்டியதே 1846இல்தான். நோய்க் கிருமிகளைப் பற்றிய தெளிவான அறிவு எந்த நாட்டு வைத்தியரிடமும் இன்னும் இல்லை. கொலரா வந்தால் ஊர் ஊராகச் சனம் மாண்டது. யாழ்ப்பாணத்தில் பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள். ஏட்டில் எழுதிய மருந்து முறைகள் அவர்களிடம் இருந்தன. சனங்கள் அவர்களைத்தான் நம்பினார்கள். தமிழ் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம் வயிற்றுவலியை எப்படிச் சொல்வது? ஆகவே கிறீன் ஆஸ்பத்திரி வேலையோடு தமிழையும் படிக்கத் தொடங்கினார்.

தான் ஒருவன் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்ற கேள்வி அவருக்குச் சீக்கிரமே வந்தது. அதற்கு விடையாக 1848இலேயே உள்ளூர் வாலிபரைச் சேர்த்து வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் வைத்திய வகுப்பு நடந்தது என்பதைப் பிள்ளைகள் கவனியுங்கள்.

முதலில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவர்கள் கெட்டிக்காரராகவே தேறினார்கள். ஆனால் ஆங்கிலம் தெரிந்த வைத்தியருக்கு அரசாங்கத்தில் நல்ல சம்பளத்தோடு வேலை காத்திருந்தது. பலர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக் கஷ்டம் தீர உழைக்கப் போவது நம் சனத்துக்குப் புதிதல்ல. நாமே அப்படி வந்தவர்கள்தானே. ஆனாலும் எந்தக் கிராமங்களுக்காகப் படிப்பித்தாரோ, அந்தக் கிராமங்களுக்கு வைத்தியர் போதவில்லை. இன்னொன்றும் அவருக்கு மனக்கவலையாக இருந்தது. படித்த பிள்ளைகள் உடுப்பிலும் பழக்கத்திலும் வெள்ளைக்காரரைப் போல மாறி, சொந்தச் சனத்துக்கே அந்நியராகிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவராகும் தமிழர் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது கிறீனுடைய எண்ணம்.

1857இல் அவர் ஓய்வுக்காக அமெரிக்கா போனார். 1862இல் மார்கிறட் என்ற பெண்ணை மணம்முடித்து, அவரோடு மானிப்பாய்க்குத் திரும்பினார். வந்தபின் துணிவான ஒரு மாற்றம் செய்தார். வைத்தியத்தை இனித் தமிழிலேயே படிப்பிப்பது என்று முடிவெடுத்தார்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே! அந்த வேலையை அவர் முன்னமே தொடங்கியிருந்தார். உடலமைப்பும் சுகாதாரமும் பற்றிய ஒரு நூலை 1852இல் தமிழில் கொண்டுவந்தார். 1857இல் பிரசவ வைத்தியம் வந்தது. 1867இல் இரணவைத்தியம், அதாவது சத்திரசிகிச்சை நூல் வந்தது. 1872இல் மனுஷ அங்காதிபாதம் வந்தது. அது ஆங்கிலத்தில் கிறே என்பவர் எழுதிய உடற்கூற்று நூல். இன்றும் மருத்துவ மாணவருக்குத் தெரிந்த அந்தப் புத்தகம் லண்டனில் முதலில் வெளியானது 1858இல். பதினாலே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேல். கணினி இல்லை, தட்டச்சு இல்லை. கையால் எழுதி, திருத்தி, அச்சுக்குக் கொடுத்தார்கள். இது அவர் தனியே செய்ததல்ல. அவரிடம் படித்துத் தேறிய தமிழ் வைத்தியர்களும் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள்.

சொற்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முதலில் சனங்கள் பேசும் தமிழில் தேடுவார். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவார். அங்கும் இல்லையென்றால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாவுக்கு ஏற்றபடி மாற்றி எடுப்பார். அப்படி வந்ததுதான் கெமிஸ்தம், இன்று நாம் இரசாயனம் என்பது. அங்காதிபாதம் என்று கேட்கும்போது தமிழ் படித்த பெரியவர்களுக்குப் பாதாதிகேசம் என்ற பழைய பாட்டு வகை நினைவுக்கு வரும். அமெரிக்கர் ஒருவர் நம் உடம்புக்குத் தமிழில் பெயர் தேடி இரவு விளக்கில் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அவருடைய காலத்தில் 60க்கும் மேற்பட்டோர் வைத்தியராகத் தேறினார்கள். அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள். தமிழில் படித்தவர் ஊரிலே இருந்தார். நோயாளி சொன்னது அவருக்கு விளங்கியது. அவர் சொன்னதும் நோயாளிக்கு விளங்கியது.

உடல்நலம் குன்றி, 1873இல் கிறீன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அங்கே போயும் தமிழை விடவில்லை. வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் என்ற உடற்றொழில் நூல் 1883இலும் வெளிவந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 1884இல், அவர் காலமானார். தன் கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்று எழுதவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே எழுதப்பட்டது. பிறந்த ஊரில், தன் சொந்தச் சனத்தின் நடுவில் கிடக்கும் கல்லிலும் தமிழர் என்ற பெயர் இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

அவருக்குப் பின் அந்த வேலை நீடிக்கவில்லை. வைத்தியப் படிப்பு ஆங்கிலத்துக்கே திரும்பியது. ஆஸ்பத்திரி நிலைத்தது, நூல்கள் பழைய நூலகங்களில் இருக்கின்றன.

ஒரு தாதியாக இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? நான் இங்கே சுவிஸில், டொச் மொழியில் தாதிப் பயிற்சி எடுத்தவள். எலும்புக்கும் நரம்புக்கும் எனக்கு முதலில் வாயில் வருவது டொச் பெயர். வார்டில் நம் ஊர் அம்மா ஒருவர் வந்து, நெஞ்சுக்குள்ளே ஏதோ உருளுது என்கிறார். அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். சில வேளை மொழிபெயர்க்கப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையைக் கூட்டிவருகிறார்கள். பெரியவர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்பம்மாவுக்குப் புற்றுநோய் என்பதைத் தன் வாயால் சொல்லும் பாரத்தை ஒரு பிள்ளைமேல் வைக்கக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வாலிபரே, பாடசாலை முடித்ததும் ஆபிரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ போய்ச் சில மாதம் தொண்டு செய்ய உங்களில் சிலர் யோசிக்கிறீர்கள். நல்ல யோசனை. போகுமுன் கிறீனை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்ட, கிணறு வெட்ட, படம் எடுத்து அனுப்ப மட்டும் போகவேண்டாம். போகும் இடத்து மொழியில் நோவு, பசி, தண்ணீர், நன்றி ஆகிய சொற்களையாவது படித்துக்கொண்டு போங்கள். அங்கே ஏற்கெனவே என்ன அறிவு இருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் திரும்பி வந்தபின் அந்த வேலையை யார் தொடர்வார் என்றும் கேளுங்கள். கிறீன் தன் முறை பலன் தரவில்லை என்று கண்டதும், பதினைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் அதை மாற்றினார். அந்தத் தாழ்மையைத்தான் நீங்கள் பின்பற்றவேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, அம்மம்மா, அப்பப்பா, தாத்தா யாராவது ஒருவர் பக்கத்தில் போய் இருங்கள். குதிக்கால், விலா, முழங்கை, ஈரல், தொண்டைக்குழி இவை எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அவர்கள் தொட்டுக் காட்டுவார்கள். நீங்கள் அவற்றின் டொச் பெயரை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.