உண்மை சொல்வேன் என்று வாக்களித்தவர்: ஐவி லீ (1877–1934)



விழா மலர் என்றால் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதுவதே என் வழக்கம். இம்முறை புனிதர் என்று சொல்ல முடியாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். யூபிலிச் செய்திகளை நாளிதழ்களுக்கு எழுதியனுப்பும் நம் இளைஞர்கள் இவரை அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துச் சீடர்டவுன் என்னும் ஊரில், மெத்தடிஸ்ட் சபைப் போதகர் ஒருவரின் மகனாய் 1877-ல் பிறந்தார் ஐவி லீ. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றபின் நியூயார்க்கில் பத்திரிகை நிருபராக உழைத்தார். 1905-ல் ஜார்ஜ் பார்க்கர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, கம்பெனிகளுக்காகப் பொதுமக்கள் தொடர்பு வேலை செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்நாட்டில் இத்தொழிலின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

பெரும் முதலாளிகள் பொதுமக்களிடம் வாய் திறவாத காலம் அது. 1906-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் லீயை அமர்த்தினர். அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். தம் வேலை மறைவில் நடவாது, தரும் செய்தி பிழையற்றதாயிருக்கும், சரிபார்க்க விரும்புவோருக்குத் தாமே உதவுவார் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில், அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் வண்டியொன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளை மூடி மறைப்பதே ரயில்வேக்காரர் வழக்கம். லீயோ நிருபர்களை அவ்விடத்திற்கே வரவழைத்து விவரங்களைத் தந்தார்.

சோதனை பின்னால் வந்தது. 1914 ஏப்ரல் 20-ஆம் நாள், கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் கூடாரங்களை மாநிலப் படையினரும் கம்பெனிக் காவலரும் தாக்கினர். கூடாரங்கள் தீக்கிரையாயின. கூடாரத்தடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுமுட்டி இறந்தனர். கம்பெனியில் பெரும்பங்கு ராக்பெல்லர் குடும்பத்தினுடையது. நாடெங்கும் எழுந்த பழியைத் தணிக்க லீ அழைக்கப்பட்டார்.

லீ பிரசுரம் பிரசுரமாக அச்சிட்டு அனுப்பினார். கம்பெனி அதிகாரிகள் கொடுத்ததை அப்படியே அச்சேற்றினார். தொழிற்சங்கத் தலைவர்கள் ஓராண்டில் பெற்ற ஊதியம், ஒன்பதே வாரத்தில் பெற்றதாக வெளியாயிற்று. திருத்தம் தாமதித்தே வந்தது. 1915-ல் விசாரணைக் குழுவின் முன், தமக்குத் தரப்பட்ட விவரங்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதிய வாக்கு என்னவாயிற்று?

திருப்பலி முடிவில் யாரோ நீட்டிய சீட்டை விசாரியாமல் அறிவித்துவிட்டு, மறுவாரம் அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டவன் நான். ஆகவே இவரைக் கடிந்துரைக்க நா எழவில்லை. ஆனால் லட்லோவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அது ஒரு சமாதானமாகுமா?

நல்லதையும் சொல்ல வேண்டும். 1915-ல் இளைய ராக்பெல்லர் கொலராடோ சென்று சுரங்கத்துள் இறங்கித் தொழிலாளரோடு பேசினார். இதில் லீயின் ஆலோசனைக்கும் பங்குண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் விளம்பரப் பொறுப்பை ஏற்றார். 1917 ஜூனில் அச்சங்கம் 10 கோடி டாலர் கேட்டது. மக்கள் அதற்கு மேலும் கொடுத்தார்கள்.

இறுதியில் மீண்டும் ஒரு விசாரணை. ஐ.ஜி. பார்பன் என்னும் ஜெர்மானியக் கம்பெனியிடம் ஆண்டுக்கு 25,000 டாலர் பெற்று, ஹிட்லர் ஆட்சிக்கு உதவும் ஆலோசனை கூறினார் என்று 1934-ல் குற்றம் சாட்டப்பட்டார். ஜெர்மானியப் பிரசாரம் எதையும் அமெரிக்காவில் பரப்பவில்லை என்றார் லீ. அவ்வாண்டு ஜூலையில் அந்த விவரங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. நவம்பர் 9-ஆம் நாள் மூளைக்கட்டியால் நியூயார்க்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.