அம்பேத்கரின் ஆசிரியர்கள்: சார்னி ரோடு பூங்காவிலிருந்து கொலம்பியா வரை

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பகுதிகளிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் நம் மாணவர்கள் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகின்றனர். குடிமைப் பணித் தேர்வுக்கு மானுடவியலை விருப்பப் பாடமாக எடுத்தால், அதைச் சொல்லித்தர ஒரு தனி ஆசிரியர் இங்கே கிடைப்பாரா என்பதே அக்கேள்வி. கணக்குக்கும் இயற்பியலுக்கும் டியூஷன் நடத்துவோர் நம் ஊர்களில் உண்டு. மானுடவியலுக்கு இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் அப்படியொரு துறையே கிடையாது. சென்னைக்கோ புதுச்சேரிக்கோதான் போக வேண்டும். பீங்கான் சூளையிலும் கரும்புக் கொல்லையிலும் கூலிக்கு உழைக்கும் பெற்றோரிடம் அதற்கான பணத்தைக் கேட்க மாணவர்கள் கூசுகின்றனர். வேலை தராத படிப்பு எதற்கு என்று உறவினர்கள் கேட்பது வேறு.

இந்தக் கேள்வியோடு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தபோது, நாம் வழக்கமாகக் கடந்துபோகும் சில பக்கங்கள் வேறு விதமாகத் தெரிந்தன. அவர் பெற்ற பட்டங்களின் பட்டியல் நம் எல்லோருக்கும் மனப்பாடம். யாரிடம் கற்றார், அவர்களை எப்படிக் கண்டடைந்தார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்த பீமராவ், ராம்ஜி, பீமாபாய் இணையரின் பதினான்காவது பிள்ளை. சுபேதார் ராம்ஜி படைத்துறைப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். கபீர் நெறியைப் பின்பற்றியவர். ஆகவே பீமராவின் முதல் ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார். சாதாராவில் 1900இல் பள்ளியில் சேர்ந்த சிறுவன், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின்மீது தனியே உட்கார்ந்து படித்ததையும், பள்ளிச் சேவகர் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்ற நிலையையும் நாம் அறிவோம். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பிறகு பரேலில் ஒரே அறை கொண்ட குடியிருப்பில் வாழ்க்கை. தந்தை பின்னிரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்ட பிறகே படுத்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் எழுதுகிறார். மகன் கேட்ட புத்தகங்களுக்காக, மணமாகிப் போன பெண்களிடம் கைநீட்டி, அவர்களது நகைகளை அடகு வைத்த தந்தை அவர்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பீமராவும் அவருடைய அண்ணனும் சமஸ்கிருதம் கற்க விரும்பினர். தீண்டப்படாதவருக்கு அம்மொழியைக் கற்பிக்க ஆசிரியர் மறுத்துவிட்டார். இருவரும் பாரசீகம் எடுக்க நேர்ந்தது. தம்மைத் தாழ்த்திய நூல்கள் எழுதப்பட்ட மொழியையே கற்கவிடாமல் தடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. மொழி தெரியாதவன் நூலைக் கேள்வி கேட்க மாட்டான் என்பதே அது. அந்தக் கணக்கு பிழையாகப் போனதற்குப் பள்ளிக்கு வெளியே கிடைத்த ஓர் ஆசிரியரும் காரணம்.

அவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். ஆசிரியர், மராத்தி எழுத்தாளர், சிவாஜியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். சார்னி ரோடு பூங்காவில் மாலைதோறும் தனியே உட்கார்ந்து படிக்கும் சிறுவனை அவர் கவனித்தார் என்றும், பேச்சுக் கொடுத்தார் என்றும், பிறகு தம்மிடமிருந்த புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கச் செய்தார் என்றும் கீர் குறிப்பிடுகிறார். கட்டணமோ வகுப்பறையோ இல்லாத தனிப்பாடம் இது. பள்ளித் தேர்வில் பீமராவ் தேறியதைச் சமூகத்தார் கூடிக் கொண்டாடியபோது, தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைக் கேளுஸ்கர் அவருக்குப் பரிசளித்தார்.

அந்த நூல் வீட்டில் ஒரு விவாதத்தைக் கிளப்பியதை அம்பேத்கரே பிற்காலத்தில் எழுதிய ஒரு முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். பிராமணர், சத்திரியர் பெருமையையே பேசும் மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் ஏன் நாள்தோறும் எங்களைப் படிக்கச் செய்கிறீர்கள் என்று மகன் கேட்டார். தாழ்வு மனப்பான்மை நம்மைப் பிடித்துவிடக் கூடாது, துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து எவ்வளவு உயர்ந்தார்கள் பார் என்பதாகத் தந்தையின் விடை அமைந்தது. மகனுக்கு அது நிறைவளிக்கவில்லை. ஓர் ஆசிரியர் கொடுத்த நூலைக் கொண்டு இன்னோர் ஆசிரியரை, அதுவும் பெற்ற தந்தையை, மறுத்துப் பேசக் கற்ற இடம் அந்த ஒற்றை அறை. மானுடவியல் என்ற சொல்லைக் கேள்விப்படும் முன்பே அதன் முதல் பாடம் அங்கே நடந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது.

(ஆசிரியர், மாணவர் வரிசை தலைகீழாகும் கதை பெண்ணாடத்துக்குப் புதிதன்று. இவ்வூரில் பிறந்தவராகச் சைவ மரபு போற்றும் மெய்கண்டாரிடம், குடும்பக் குருவாக இருந்த மூத்தவர் அருணந்தி சிவாச்சாரியாரே மாணவரானார் என்பார்கள். வயதையும் சாதி வரிசையில் ஒரு படியையும் தாண்டிய கதை அது. ஆனால் ஊரைத் தாண்டிச் சேரிவரை அது வரவில்லை.)

கேளுஸ்கரின் உதவி நூல்களோடு நிற்கவில்லை. இண்டர்மீடியட் முடித்ததும் பணமின்றிப் படிப்பு நிற்கவிருந்த நிலையில், பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாடைப் பீமராவ் சந்திக்க அவரே வழிசெய்தார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற சில வாரங்களில், 1913 பிப்ரவரியில், ராம்ஜி காலமானார். அதே ஆண்டு ஜூலையில் பரோடா உதவித்தொகையோடு அம்பேத்கர் நியூயார்க் நகரில் கால் வைத்தார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் பயின்ற பாடங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3. போதாக்குறைக்குத் தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும். உதவித்தொகை தந்த சமஸ்தானத்துக்குத் தேவைப்பட்டது பொருளியல். தத்துவத்தில் ஜான் டூயியையும் மானுடவியலில் அலெக்சாண்டர் கோல்டன்வைசரையும் தேடிப் போனது மாணவரின் சொந்தத் தெரிவு. பொருளியல் பேராசிரியர் செலிக்மன், நெடுநாள் வழிகாட்டியாகவே மாறினார்.

கோல்டன்வைசர் யார் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். கீவ் நகரில் 1880இல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பிரான்ஸ் போவாசின் மாணவர். மனிதரின் பண்பையும் அறிவையும் பிறந்த இனமே தீர்மானிக்கிறது என்ற கொள்கையை எதிர்த்து நின்ற அறிஞர் போவாஸ். பத்தாண்டுகளுக்குப் பின் கறுப்பினப் பெண் எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனும் அதே போவாசிடம்தான் மானுடவியல் கற்றார்.

அதே காலத்தில் இந்தியாவில் மானுடவியல் எப்படி இருந்தது? 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தார். இங்கே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் இடுக்கியுமாகத் தலைகளையும் மூக்குகளையும் அளந்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அளப்பவர் ஒருவர், அளக்கப்படுபவர் நாம். நம் தாத்தா, பாட்டிமாருக்கு அந்த அறிவியலோடு இருந்த உறவு அவ்வளவுதான்.

1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் கருத்தரங்கில் எழுந்து நின்று கட்டுரை படித்தவர், அப்படி அளக்கப்பட்ட மக்களிலிருந்து வந்த 25 வயது இளைஞர். இந்தியாவில் சாதிகளின் இயங்குமுறையும் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய கட்டுரை அது. செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வரின் வரையறைகளையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். புறமணம் பழக்கமாக இருந்த மக்கள்மீது அகமணம் சுமத்தப்பட்டபோது சாதி பிறந்தது. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் மிஞ்சும் பெண்ணும், மனைவி இறந்தால் மிஞ்சும் ஆணும் அந்தக் கணக்கைக் குலைப்பார்கள். உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், சிறுமியர் மணம் ஆகிய மூன்றும் இச்சிக்கலைத் தீர்க்கக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகள் என்று காட்டினார். முதலில் கதவை அடைத்துக்கொண்டது பிராமண வகுப்பு; மற்றவை அதைப் பார்த்து அடைத்தன, அல்லது தம் முகத்தில் கதவு சாத்தப்பட்டதால் தனித்துப் போயின. மனு ஒருவர் சட்டம் எழுதியதால் சாதி வந்துவிடவில்லை; இருந்ததை அவர் தொகுத்தார். நிறத்தை வைத்துச் சாதியை விளக்கிய ஐரோப்பியர், தம் நிறவெறியையே இங்கும் கண்டனர் என்பதும் அக்கட்டுரையின் வாதம். மறு ஆண்டு அது இந்தியன் ஆன்டிகுவரி இதழில் வெளியாயிற்று.

சாதியைக் காப்பதென்பது பெண்ணின் உடலைக் காவல் காப்பது என்று நூறாண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் கண்டறிந்ததை விளக்க நமக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003இல், சாதி கடந்து மணந்த இளம் இணையர் நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டனர். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. அந்த ஊர்ப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் மாணவர் 1916ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்தால், தேர்வுக்கான பாடமாக மட்டும் படிக்க முடியாது.

கொலம்பியாவிலிருந்து இலண்டன் சென்ற அம்பேத்கர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். கப்பலில் தனியே அனுப்பிய நூல்கள் போரில் கடலோடு போயின. பரோடா அரசுப் பணியில், கடைநிலை ஊழியர்கூடக் கோப்புகளை அவர் மேசைமேல் வீசினார். சாதியை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. பம்பாய்க்கு மீண்டவர் பிழைப்புக்காகச் செய்த வேலைகளுள் ஒன்று நம் மாணவர்கள் கேட்கும் அதே வேலை. இரண்டு மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்தினார்! டூயியிடமும் செலிக்மனிடமும் கற்றுவந்தவருக்கு அந்நாட்டில் அப்போது கிடைத்த வகுப்பறை அதுதான். 1918 நவம்பரில் சைடனாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பிற கல்லூரி மாணவர்களும் அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தனர். உடன் பணியாற்றிய பேராசிரியர் சிலரோ பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதை எதிர்த்தனர். சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியோடும், நண்பர் நாவல் பதேனாவிடம் கடன் வாங்கியும் 1920இல் மீண்டும் இலண்டன் போய்ப் படிப்பை முடித்தார். பின்வந்த மகாட், பூனா, அரசியலமைப்பு ஆகியவை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

ஆசிரியர்களோடு அவருக்கு இருந்த உறவு எப்படிப்பட்டது என்பதே நமக்கு முக்கியம். நம் அயோத்திதாசப் பண்டிதர், காத்தவராயன் என்ற இயற்பெயரை விடுத்துத் தம் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டவர். அம்பேத்கர் ஆசிரியர்களின் சிந்தனையை எடுத்துத் தம் கேள்விக்குப் பயன்படுத்தினார். 1936இல் வெளிவந்த சாதி ஒழிப்பு நூலில் டூயிக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே சொன்னார். 1952 ஜூன் 5 அன்று கொலம்பியா அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. டூயியைக் காணும் ஆவலோடு சென்றவருக்கு அது வாய்க்கவில்லை. நான்கு நாள் முன்னதாக, ஜூன் 1 அன்று, டூயி மறைந்துவிட்டார்.

மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தின் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. சூத்திரர் யார் என்ற நூலை 1946இல் வெளியிட்டபோது, சமஸ்கிருதப் புலமை இல்லாதவர் இதை எழுதலாமா என்று கேட்போருக்கு முன்னுரையிலேயே விடை சொன்னார். அந்த இலக்கியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பதினைந்து ஆண்டுகள் பயின்றிருப்பதே தம் தகுதி என்றார். 1945இல் அவர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம், மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. கேளுஸ்கர் பரிசளித்த நூலின் நாயகர் பெயரே கல்லூரிக்கு வாய்த்தது.

தீண்டப்படாதோர் யார் என்ற நூல் 1948இல் வந்தது. குரியே தந்த மூக்கு அளவுப் புள்ளிவிவரங்களையே அதில் எடுத்துவைத்து, அவற்றை நம்புவதானால் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர் என்றாகிறது என ரிஸ்லியின் அளவுகோலை முறித்துப் போட்டார். சிதறுண்ட மக்கள், பௌத்தம், மாட்டிறைச்சி ஆகியவற்றை இணைத்து அந்நூலில் அவர் கட்டிய விளக்கத்தை வரலாற்றாளர் பலர் இன்றும் ஏற்பதில்லை. நாமும் அதை வாதிட்டுப் படிக்க வேண்டும் என்றே கருதுகிறோம். தந்தையோடு வாதிட்டவர் அதை மறுக்க மாட்டார்.

அந்நூலைத் தீண்டப்படாத மக்களிடையே பிறந்த மூவருக்கு அவர் காணிக்கையாக்கினார். ரவிதாசும் சோகாமேளரும் வடக்கிலும் மராத்தியத்திலும் வாழ்ந்தவர்கள். அவ்விருவருக்கும் முன்னதாக அவர் எழுதிய முதல் பெயர் நந்தனார். பெண்ணாடம் இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தில், தீயில் இறங்கிய பிறகே கோயிலுக்குள் விடப்பட்டதாகப் புராணம் சொல்லும் நந்தனார்.