சட்டை வணிகரும் துப்பாக்கியும்

துப்பாக்கியின் பெயராகவே நாம் அறிந்துள்ள வின்செஸ்ரர், துப்பாக்கி செய்யத் தெரியாத ஒருவரின் பெயராகும். 1810 இல் பொஸ்ரனில் பிறந்த ஒலிவர் வின்செஸ்ரர், நியூஹேவன் நகரில் ஆண்களுக்கான சட்டைகளை உற்பத்தி செய்து செல்வரானவர். 1855 இல் ஓர் ஆயுத நிறுவனத்தில் முதலிட்ட அவர், அது நொடித்தபோது 1857 இல் அதன் உடைமைகளை வாங்கினார். அவரிடம் பணியாற்றிய பெஞ்சமின் ஹென்றி 1860 இல் காப்புரிமை பெற்ற றைபிள், 16 ரவைகளை அடுத்தடுத்துச் சுடவல்லது. 1866 இல் நிறுவனம் வின்செஸ்ரரின் பெயரைப் பெற்றது. 1873 மாதிரியில் மட்டும் 7 இலட்சத்துக்கு மேற்பட்டவை உற்பத்தியாயின. மேற்கு நிலத்தை வென்ற துப்பாக்கி என அதனைப் போற்றுவர். அந்நிலத்தை இழந்த பூர்வகுடிகளை அப்புகழுரை குறிப்பிடுவதில்லை.

1880 டிசம்பரில் அவர் மறைந்தார். அடுத்த மார்ச்சில் மகனும் காசநோய்க்கு இரையானார். 1931 இல் கடனில் மூழ்கிய நிறுவனம் கைமாறியது. 1964 இல் செலவைக் குறைக்க உற்பத்தி முறை மாற்றப்பட்டது. அதற்கு முந்தியவற்றையே ஆர்வலர் இன்றும் தேடுகின்றனர். 2006 இல் நியூஹேவன் ஆலை மூடப்பட்டது.

தந்தை கையளித்த துப்பாக்கியை அவர்கள் வாஞ்சையுடன் நினைவுகூர்கின்றனர். வேட்டொலிக்கு அஞ்சி ஊரை நீங்கிய நமக்கு அவ்வாஞ்சை அந்நியமானது. எனினும், தொழிலை இழந்த ஓர் ஊரின் துயர் நமக்கு அந்நியமானதன்று.