சீனம் செல்லாத சீனப் புலவர்: ஆர்தர் வெய்லி

சீனக் கவிதைக்கு ஆங்கிலத்தில் தனிக்குரல் தந்தவர் ஆர்தர் வெய்லி. அவரே சீனத்தின் பெரும்புதினம் ஒன்றை மொழிபெயர்த்தபோது அதிலிருந்த கவிதைகளைப் பெரும்பாலும் விலக்கினார். கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய முரண் இது.

1889இல் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் பிறந்தார். குடும்பப் பெயர் ஷ்லாஸ். முதல் உலகப்போர் மூண்ட 1914இல், செருமானிய ஒலியுடைய அப்பெயரைக் குடும்பத்தார் துறந்து, வெய்லி என்னும் பெயரை ஏற்றனர். கேம்பிரிட்ஜில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைப் பயின்ற அவரது கல்வியைக் கண்நோய் இடைமுறித்தது. 1913இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, கீழ்த்திசை ஓவியங்களைப் பேணும் பணிக்கிடையே சீனத்தையும் சப்பானியத்தையும் தாமே கற்றார். இருநாடுகளில் ஒன்றையேனும் அவர் நேரில் கண்டதில்லை.

1918இல் நூற்றெழுபது சீனக் கவிதைகளின் தொகுப்பை வெளியிட்டார். இயைபைக் கைவிட்டு, சீனத்தின் ஓரசைக்கு ஆங்கிலத்தில் ஓர் அழுத்தம் என்னும் நடையை அமைத்துக்கொண்டார். 1925 முதல் 1933 வரை சப்பானியரின் கெஞ்சி காவியப் புதினத்தை ஆறு தொகுதிகளாக்கினார். போர்க்காலமான 1942இல் ‘மங்கி’ வந்தது. காஞ்சிபுரத்தைத் தம் குறிப்புகளில் வருணித்த யுவான் சுவாங்கின் இந்தியப் பயணத்தைக் கருவாகக் கொண்டு, 16ஆம் நூற்றாண்டில் புனையப்பட்ட ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் புதினத்தின் ஆங்கில வடிவம் அது.

மூலத்தின் 100 இயல்களில் 30 மட்டுமே அதில் இடம்பெற்றன. எடுத்துக்கொண்ட பகுதிகளை ஏறத்தாழ முழுமையாகவே பெயர்த்தார். இடையிடையே வரும் பாடல்களை விட்டார். அவை ஆங்கிலத்தில் எடுபடா என்பது அவர் துணிபு. பன்றித்துறவி ‘பிக்ஸி’ என்னும் செல்லப்பெயர் பெற்றார். உரையாடல் உயிர் பெற்றது. குரங்கின் குறும்பு உலகறிந்தது. நூலின் அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரை வரைந்த சீன அறிஞர் ஹூ ஷியும், சமய உட்பொருள் தேடாது நகைச்சுவைக்காகவே இதனைப் படிக்கலாம் என்ற கருத்தினர்.

இதற்கு மறுமொழியாக அமைந்தது ஆண்டனி யூவின் முழுப்பெயர்ப்பு. 1977 முதல் 1983 வரை நான்கு தொகுதிகளாக வந்த அது, நூற்றுக்கணக்கான பாடல்களையும் மீட்டது. புதினத்தின் பௌத்த, தாவோ உட்பொருள் பாடல்களிலும் உறைகிறது. அவற்றை நீக்கினால் யாத்திரை வெறும் வேடிக்கையாகிவிடும் என்பது யூவின் வாதம்.

படிப்பவரை ஆசிரியரிடம் அழைத்துச் செல்வது, ஆசிரியரைப் படிப்பவரிடம் கொண்டுவருவது என மொழிபெயர்ப்புக்கு இரு வழிகளை 1813இல் வகுத்தார் செருமானிய அறிஞர் ஷ்லையர்மாகர். யூ நடந்தது முதல்வழி. வெய்லியோ இரண்டிலும் நடந்தார்: கவிதைத் தொகுப்பில் ஆங்கில யாப்பை வளைத்துச் சீனத்தை நெருங்கினார், புதினத்தில் சீனத்தைக் குறுக்கி ஆங்கிலேயரை நெருங்கினார்.

1953இல் கவிதைக்கான அரசியின் தங்கப்பதக்கம் அவரை அடைந்தது. 1966இல் மறைந்து, இலண்டன் ஹைகேட் கல்லறையில் துயில்கொண்டார்.

அவர் விட்ட பாடல்களுக்காக ஆங்கில வாசகர் முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அது இழப்பே. எனினும் முழுநூலைத் தேடும் வேட்கையைப் பலருள் விதைத்தது அந்தக் குறைநூல்தான். மொழிபெயர்க்கும் கவிஞர் எதை விடுகிறோம் என்பதை அறிந்தே விடவேண்டும்; வெய்லி அதனை மறைக்காமல் முன்னுரையிலேயே அறிவித்தார். அந்த நேர்மை நமக்கும் உரியது.